சிரட்டைத் தணலில் யீரோஸ்: வன்னி வீட்டில் செய்வதும் கடையில் கேட்டுச் சாப்பிடுவதும்

யீரோஸ் என்பது கம்பியில் சுற்றிச் சுட்ட இறைச்சியைச் சீவி, தயிரோடு ரொட்டியில் சுருட்டுகிற கிரேக்கத் தெருச் சாப்பாடு. அதற்கு முதலில் தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிடுங்கள், மற்றதெல்லாம் பிறகு கதைப்போம். சட்டியோடு விற்கிற எருமைத் தயிர் ஒரு லீற்றர் வாங்கி, சுத்தமான வெள்ளை வேட்டித் துண்டில் கொட்டி, நான்கு முனையையும் சேர்த்து முடிந்து, குசினியில் ஒரு கொழுக்கியில் மாட்டிக் கீழே கோப்பை ஒன்றை வையுங்கள். சித்திரை, வைகாசி வெயிலென்றால் வெளியில் தொங்கவிட வேண்டாம், புளிப்பு ஏறிவிடும், பிரிட்ஜுக்குள் ஒரு வடிதட்டில் வைத்தால் சரி. நான்கு மணித்தியாலத்தில் தண்ணீர் எல்லாம் இறங்கி, கரண்டியைக் குத்தினால் நிற்கிற பதத்துக்கு வரும். நீங்கள் இதை வாசிக்கிற நேரத்தில் அது தன்பாட்டில் வடியட்டும்.

நான் ஆறு வருடம் சரக்குக் கப்பலில் சமையலறை உதவியாளாக இருந்தவன். கிரேக்கத்தின் பிரேயஸ், இஸ்தான்புல், பெய்ரூத், அலெக்சாந்திரியா என்று மத்தியதரைக் கடல் பக்கத்துத் துறைமுகங்களில் கப்பல் கட்டுகிற போதெல்லாம், இரண்டு மூன்று மணித்தியாலம் வெளியில் விட்டால் போதும், நேரே தெருச் சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று தேடி நடப்பேன். இப்போது முள்ளியவளைப் பக்கம் வீட்டோடு இருக்கிறேன். ஊருக்கு வந்த பிறகுதான் ஒன்று விளங்கியது, அந்தச் சாப்பாட்டுக்கு வேண்டிய சாமான்களில் முக்கால்வாசி எங்கள் வளவிலும் சந்தையிலும் இருக்கிறது. தயிர் எங்களிடம் இருக்கிறது, எள் இருக்கிறது, கடலை இருக்கிறது, தேசிக்காய் மரம் வீட்டுக்கு வீடு நிற்கிறது, தணலுக்குச் சிரட்டை இருக்கிறது. ஆனபடியால் இதை வெளிநாட்டுச் சாப்பாடு, விலை கூடிய சாப்பாடு என்று நினைத்துத் தள்ளிப்போட வேண்டாம் என்பதற்காகத்தான் இவ்வளவையும் எழுதுகிறேன்.

பெயர் விளக்கம் கொஞ்சம். கிரேக்கத்தில் யீரோஸ், துருக்கியில் டோனர், லெபனான், சிரியாப் பக்கம் ஷவர்மா. யீரோஸ் என்றால் கிரேக்கத்தில் சுற்று, வட்டம். டோனர் என்ற சொல் சுற்றுதல் என்ற துருக்கி வினையில் இருந்து வந்தது. ஷவர்மாவும் திருப்புதல் என்ற பொருளுள்ள துருக்கிச் சொல்லொன்றின் அரபு வடிவம்தான். மூன்று பாஷையிலும் ஒரே அர்த்தம்: சுற்றுகிற இறைச்சி. நிமிர்த்தி வைத்த கம்பியில் இறைச்சியை அடுக்கி நெருப்புக்குப் பக்கத்தில் சுற்றவிடுகிற முறை 19 ஆம் நூற்றாண்டு ஒட்டோமன் நாட்டில், அதாவது அன்றைய துருக்கிப் பேரரசில் உருவானது, 1855 இல் எடுத்த ஒரு புகைப்படத்திலேயே அந்தக் கம்பியைப் பார்க்கலாம். 1922, 1923 இல் சின்னாசியாவில் (இன்றைய துருக்கியில்) இருந்து பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட கிரேக்கர்கள் இடம்பெயர்ந்து கிரேக்கத்துக்கு வந்தார்கள், வரும்போது தங்கள் சமையலையும் கொண்டுவந்தார்கள். இதைப் பிரேயஸில் ஒரு கடைக்காரர் எனக்குச் சொன்னபோது, தன் பாட்டி கையில் ஒரு சட்டியும் பிள்ளையும் மட்டும் கொண்டு வந்தவ என்று சொன்னார். எங்கள் ஆட்களுக்கு அதை மேலே விளங்கப்படுத்தத் தேவையில்லை. லெபனானில் இருந்து மெக்சிக்கோவுக்குப் போனவர்கள் வழியாக அங்கே அதே கம்பியில் பன்றி இறைச்சி சுற்றத் தொடங்கியது, ஜேர்மனிக்கு வேலைக்குப் போன துருக்கியர் பேர்லினில் டோனரைப் பாணுக்குள் வைத்து விற்றார்கள். பிரான்ஸிலிருந்து விடுமுறைக்கு வருகிற மச்சான்மார் இதையே 'கிரெக்' என்பார்கள், குழம்ப வேண்டாம்.

வித்தியாசம் எங்கே என்றால், கிரேக்கத்தில் யீரோஸ் பெரும்பாலும் பன்றி இறைச்சி, அடுத்தது கோழி. தடித்த மெத்தென்ற பீற்றா ரொட்டி, தக்காளி, வெங்காயம், ட்சாட்சீக்கி என்கிற தயிர்ச் சம்பல், அதோடு பொரித்த உருளைக்கிழங்கையும் உள்ளேயே வைத்துச் சுருட்டுவார்கள். ஷவர்மா மெல்லிய ரொட்டியில், கோழி என்றால் உள்ளிச் சோஸ், ஆடு மாடு என்றால் எள்ளு விழுதுச் சோஸ், கூடவே ஊறுகாய். பன்றி சாப்பிடாத வீடுகளுக்குக் கோழி யீரோஸ் ஒரு குறையும் வைக்காது. கீழே யீரோஸுக்கு நான் சொல்வதெல்லாம் கோழிக்குத்தான்.

கடையில் சாப்பிடுகிறவர்களுக்கு

வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் இப்போது பின்னேரங்களில் கம்பி சுற்றுகிற கடைகள் இருக்கின்றன. வளைகுடா நாடுகளில் வேலை செய்து வந்த பிள்ளைகள் பழகிய கையோடு வந்திருக்கிறார்கள், அது நல்ல விஷயம். ஆனால் கடைக்குள் போனவுடனே காசைக் கொடுக்காமல் இரண்டு நிமிடம் நின்று கம்பியைப் பாருங்கள். நெருப்பு எரிகிறதா? இறைச்சியின் வெளிப்பக்கம் சிவந்து, ஓரம் கருகத் தொடங்கி, கொழுப்பு மினுங்கி வடிகிறதா? வெட்டுகிறவர் சிவந்த தோலை மட்டும் மெல்லிசாகச் சீவி எடுத்துவிட்டு, உள்ளே இருக்கிற வெளிறிய பகுதியை மறுபடி நெருப்புக்கு விடுகிறாரா? அவ்வளவும் சரியென்றால் வாங்குங்கள். நெருப்பை அணைத்துவிட்டு, ஆள் வந்தால் மட்டும் கொளுத்துகிற கடை என்றால் திரும்பி வந்துவிடுங்கள். அரைச்சூட்டில் நிற்கிற கோழி இறைச்சி எங்கள் வெக்கைக்குச் சரியான ஆபத்து. சமைத்த இறைச்சியை வெளியில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வைக்கக்கூடாது, 32 பாகைக்கு மேல் போகிற நாளில் ஒரு மணித்தியாலம்தான் கணக்கு, எங்களுக்கு வருடத்தில் பல நாள் அப்படித்தான்.

மயோனைஸ் பற்றியும் சொல்ல வேண்டும். பச்சை முட்டையில் அடித்த மயோனைஸ் மேசையில் வெயிலுக்குள் இருந்தால் அதைத் தொடாதீர்கள். கேரளத்தில் 2022 இல் ஷவர்மா சாப்பிட்டு ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை இறந்தது, அடுத்த வருடம் அங்கே பச்சை முட்டை மயோனைஸைத் தடை செய்தார்கள். நானும் ஒருமுறை ஒரு கடையில் அப்படிச் சாப்பிட்டு மூன்று நாள் படுத்தேன், சேலைன் ஏற்றித்தான் எழும்பினேன். யீரோஸுக்கு மயோனைஸ் தேவையே இல்லை, தயிர் போதும். ஷவர்மாவின் உள்ளிச் சோஸிலும் முட்டை கிடையாது, உள்ளி, உப்பு, எண்ணெய், தேசிப்புளி நான்கும்தான்.

கேட்கும்போது கூச்சப்படாமல் கேளுங்கள். "அண்ணை, வெளியில சிவந்த துண்டாப் போட்டுத் தாங்கோ, சோஸ் கொஞ்சமா, வெங்காயம் கூட" என்று சொன்னால் எந்தக் கடைக்காரரும் சந்தோஷமாகச் செய்வார், சாப்பாடு தெரிந்த ஆள் வந்திருக்கிறார் என்று அவருக்கும் கை சுறுசுறுக்கும். சனம் கூடுகிற நேரம், அதாவது இரவு ஏழு எட்டு மணி வாக்கில் போனால் இறைச்சி வெட்டுப்பட்டுக்கொண்டே இருக்கும், எப்போதும் புதிதாகச் சிவந்தது கிடைக்கும்.

அங்கேயே நின்று சாப்பிடுங்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். சுருட்டிக் கையில் தந்து பத்து நிமிடத்துக்குள் சாப்பிட்டு முடிக்கிற சாப்பாடு இது. பேப்பரை முழுக்கக் கழற்றாமல், மேலிருந்து இரண்டு விரல் அளவு கிழித்து, கடித்து, பிறகு அடுத்த இரண்டு விரல். கொஞ்சம் முன்னால் குனிந்து கடித்தால் வடிகிறது நிலத்தில் விழும், சட்டையில் விழாது. எங்கள் பிரச்சினை என்னவென்றால் தூரம். கிளிநொச்சியில் வாங்கி விசுவமடுவுக்கோ ஒட்டுசுட்டானுக்கோ மோட்டார் சைக்கிளில் கொண்டுபோகும்போது ரொட்டி ஊறி, சலாது வெந்து, எல்லாம் ஒரு கூழாகிவிடும். வீட்டுக்குத்தான் கொண்டுபோக வேண்டுமென்றால் ரொட்டி வேறு, இறைச்சி வேறு, சோஸ் வேறு, வெங்காயம் தக்காளி வேறு என்று பிரித்துக் கட்டித் தரச் சொல்லுங்கள். வீட்டில் தாச்சியை நன்றாகக் காயவைத்து எண்ணெய் விடாமல் இறைச்சியைப் போட்டு ஆவி பறக்க, ஓரம் மொறுமொறுக்கப் பிரட்டி எடுங்கள், அதே தாச்சியில் ரொட்டியையும் இரண்டு பக்கம் காட்டிவிட்டுச் சுருட்டுங்கள். கடையில் நின்று சாப்பிட்டதற்குக் கிட்ட வந்துவிடும்.

வீட்டில் செய்வது

ஆறு பேருக்கு ஒரு கிலோ கோழித் தொடை இறைச்சி, எலும்பு எடுத்தது, தோலோடு. நெஞ்சு இறைச்சி வேண்டாம், காய்ந்து போகும். கம்பியில் சுற்றுகிற இறைச்சி ஏன் ருசியாக இருக்கிறது என்றால் மேலே இருக்கிற கொழுப்பு உருகி ஒவ்வொரு அடுக்காக நனைத்துக்கொண்டு இறங்குகிறது, அதே நேரம் வெளிப்பக்கம் நேர் நெருப்பில் வறுபடுகிறது. அந்த இரண்டும் வேண்டுமென்றால் தோல் வேண்டும், கொழுப்பு வேண்டும். ஒவ்வொரு தொடையையும் கத்தியால் விரித்து, அரை அங்குலத்துக்கு மேல் தடிப்பில்லாமல் தட்டிக்கொள்ளுங்கள்.

ஊறவைக்க: உப்பு 15 கிராம், அதாவது இரண்டரைத் தேக்கரண்டி. உள்ளி ஆறு பல்லு, அம்மியில் தட்டியது. மிளகு ஒரு தேக்கரண்டி, பச்சையாக உடைத்தது. சின்னச்சீரகம் அரைத் தேக்கரண்டி. ஒரு தேசிக்காய்ப் புளி, எண்ணெய் மூன்று மேசைக்கரண்டி, வடிக்காத தயிர் இரண்டு மேசைக்கரண்டி. இனி முக்கியமான ஒன்று. கிரேக்க ருசியின் அடையாளம் ரிகானி என்கிற காய்ந்த ஓரிகானோ இலை. அது கொழும்பில் போத்தலில் கிடைக்கும், எங்கள் பக்கத்தில் இலகுவாகக் கிடையாது. அதற்கு நான் கண்டுபிடித்த மாற்று வளவில் கிணற்றடியில் நிற்கிற கற்பூரவள்ளி. சளிக்கு அவித்துக் குடிக்கிற அதே இலைதான். இரண்டு செடியும் சொந்தக்காரர், ஓரிகானோவுக்கு மணம் கொடுக்கிற அதே கார்வக்குரோல் எண்ணெய் கற்பூரவள்ளியிலும் இருக்கிறது, பிரேயஸில் இலையை உள்ளங்கையில் கசக்கி மணந்தபோது எனக்கு அம்மா தருகிற கசாயம்தான் ஞாபகம் வந்தது. பச்சை இலை நான்கு ஐந்து எடுத்துச் சாறு பிழிந்து விட்டுவிட்டு மிச்சத்தைப் பொடியாக வெட்டிச் சேருங்கள். காயவைத்துப் பொடித்தால் இன்னும் கிட்ட வரும், ஆனால் இலை தடிப்பு, காய நான்கு ஐந்து நாள் வேண்டும், நிழலில்தான் காயவேண்டும். பத்து இலைக்கு மேல் போட்டால் மருந்து மணக்கும், கவனம். கற்பூரவள்ளி இல்லையென்றால் ஓமம் அரைத் தேக்கரண்டி வறுத்துப் பொடித்துப் போடலாம்.

மிளகாய்த்தூள், கறித்தூள், இரம்பை, கறிவேப்பிலை ஒன்றும் வேண்டாம். முதல் தடவை நான் செய்தபோது அம்மா சட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, "உறைப்பே இல்லாமல் இதையார் தின்னுறது, தம்பி?" என்று கேட்டா. சுருட்டிக் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் நின்றேன். பாதி போன பிறகு, "தயிரைக் கொஞ்சம் கூட வை" என்று மட்டும் சொன்னா. உறைப்புக்குப் பழகிய நாக்குக்கு முதல் இரண்டு கடியும் வெறுமையாகத்தான் தெரியும், பிறகு இறைச்சியின் ருசியும் உள்ளியும் புளிப்பும் ஒவ்வொன்றாக மேலே வரும். உறைப்பு வேண்டியவர்கள் பச்சை மிளகாயைத் தணலில் சுட்டுப் பக்கத்தில் வைத்துக் கடியுங்கள், இறைச்சிக்குள் போட வேண்டாம். மூன்று மணித்தியாலம் ஊறினால் போதும். தேசிப்புளி போட்டதை இரவு முழுக்க வைத்தால் இறைச்சி மாவாகிவிடும், பப்பாசிக்காய் போடுகிற பழக்கமுள்ளவர்களும் இதற்குப் போட வேண்டாம்.

சுடுவதற்கு நிமிர்ந்த கம்பி தேவையில்லை. துருக்கியில் எர்சுரூம் பக்கத்தில் இன்றைக்கும் படுக்கையாகக் கம்பியில் கோத்து விறகு நெருப்புக்கு முன்னால் சுற்றித்தான் ஜா கெபாப் சுடுகிறார்கள், நிமிர்ந்த கம்பிக்கு அதுதான் மூத்தது என்று சொல்வார்கள். அதைத்தான் முற்றத்தில் செய்யப்போகிறோம். துருப்பிடிக்காத கம்பி, இரண்டேகால் அடி நீளம், விரல் தடிப்பில் ஒன்று எடுத்து வெல்டிங் கடையில் ஒரு முனையைக் கைபிடி மாதிரி வளைத்துத் தரச் சொல்லுங்கள். கல்வனைஸ் கம்பி வேண்டவே வேண்டாம், அந்தப் பூச்சு சூட்டில் நஞ்சாகும். கம்பியின் நடுவில் முதலில் அரை வெங்காயம் ஒன்றைக் குத்தி நிறுத்துங்கள், அது தடுப்பு. பிறகு இறைச்சித் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக, தோல் ஒன்று இந்தப் பக்கம் அடுத்தது அந்தப் பக்கம் என்று மாற்றி மாற்றிக் கோத்து, இடைவெளி இல்லாமல் இறுக்கி அமத்துங்கள். கடைசியில் மற்ற அரை வெங்காயம். தொங்குகிற ஓரங்களைக் கத்தியால் சீவி ஒரே உருளையாக்குங்கள், இல்லாவிட்டால் அவை முதலில் கருகும்.

இரண்டு பக்கமும் மூன்று மூன்று செங்கல் அடுக்கி, நடுவில் முப்பது நாற்பது சிரட்டையைக் கொளுத்துங்கள். சுவாலை எரிகிறபோது இறைச்சியை வைக்கக்கூடாது, புகைக் கயர் பிடிக்கும். சுவாலை அடங்கி, தணல் மேலே சாம்பல் பூத்த பிறகு, தணலை இரண்டு வரிசையாக ஒதுக்கி நடுவில் வெறும் இடம் விடுங்கள். கொழுப்பு அந்த வெறும் இடத்தில் சொட்டட்டும், தணலில் சொட்டினால் சுவாலை எழும்பிக் கரி பிடிக்கும். கம்பியைச் செங்கல் மேல் வைத்து அரை நிமிடத்துக்கு ஒருதரம் கால் சுற்றுச் சுற்றுங்கள். சிறு பிள்ளைகள் இருந்தால் இந்த வேலையைச் சண்டை பிடித்துக்கொண்டு செய்வார்கள், ஒரு ஆள் பக்கத்தில் நிற்கவேண்டும். இருபது நிமிடத்தில் வெளிப்பக்கம் சிவக்கும். அப்போது கம்பியை ஒரு தட்டின்மேல் நிமிர்த்திப் பிடித்து, கூரான கத்தியால் மேலிருந்து கீழாக மெல்லிசாகச் சீவுங்கள். சீவியதை முதல் ஆட்களுக்குக் கொடுத்துவிட்டு, கம்பியைத் திரும்பத் தணலில் வையுங்கள். மற்றப் பத்து நிமிடத்தில் அடுத்த சுற்று. எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கிடைக்காது, அதில் குறையொன்றும் இல்லை, சீவுகிறவரைச் சுற்றி நின்று கதைத்துக்கொண்டு ஒவ்வொருவராக வாங்கிச் சாப்பிடுவதுதான் இதன் அழகு. சீவிய துண்டில் இளஞ்சிவப்பு தெரிந்தால் தாச்சியில் போட்டு ஒருதரம் வறுத்துவிட்டுக் கொடுங்கள். வெப்பமானி உள்ளவர்களுக்குக் கணக்கு 74 பாகை செல்சியஸ்.

மழை காலத்தில் முற்றத்தில் ஒன்றும் செய்ய முடியாது. அப்போது ஊறிய தொடையை இரும்புத் தாச்சியில் தோல் பக்கம் கீழே போட்டு, மேலே ஒரு பாரம் (சின்ன அம்மிக்குழவியை அலுமினியத் தாளில் சுற்றி வைத்தால் சரி) ஏற்றி, நடு நெருப்பில் எட்டு நிமிடம், திருப்பி ஆறு நிமிடம். ஆறவிட்டு மெல்லிசாக வெட்டி, அந்தக் கொழுப்பிலேயே பெரிய நெருப்பில் ஓரம் மொறுமொறுக்க வறுங்கள். உண்மையைச் சொன்னால் வீட்டில் நான் கூடுதலாகச் செய்வது இப்படித்தான்.

ரொட்டி. கிரேக்க பீற்றாவுக்கு உள்ளே பை கிடையாது, அதனால் போறணை தேவையில்லை, தோசைக்கல்லு போதும். கோதுமை மா அரைக் கிலோ, ஈஸ்ட் 7 கிராம், உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி, சீனி ஒரு தேக்கரண்டி, எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி. தண்ணீருக்குப் பதிலாகத் தயிரிலிருந்து வடிந்த தண்ணீரை விடுங்கள், கிட்டத்தட்ட 300 மில்லிலீற்றர், குறைந்தால் மிச்சத்துக்கு இளஞ்சூட்டுத் தண்ணீர். பத்து நிமிடம் குழைத்து மூடிவைத்தால் எங்கள் வெக்கைக்கு முக்கால் மணித்தியாலத்தில் இரட்டிப்பாகும். எட்டு உருண்டை, சாண் அகலம், கால் அங்குலத் தடிப்பு. நன்றாகக் காய்ந்த கல்லில் ஒரு பக்கம் ஒரு நிமிடம், மற்றப் பக்கம் ஒரு நிமிடம், எண்ணெய் தொட்டு இன்னும் கொஞ்சம். சுட்டவுடன் துணிக்குள் அடுக்கி மூடுங்கள், அந்த ஆவியில்தான் மெதுமை வரும். தேங்காய்ப்பூப் போட்ட எங்கள் ரொட்டி வளைத்தால் முறியும், சுருட்ட ஏலாது, அதை அவசரத்துக்கும் முயல வேண்டாம். நேரமில்லாதவர்கள் கடைப் பராட்டாவில் சுருட்டலாம், எண்ணெய் கூடினாலும் ருசி நன்றாகவே இருக்கும்.

இப்போது தயிர் வடிந்திருக்கும். கெக்கரிக்காய் ஒன்றைத் துருவி, உப்புத் தூவிப் பத்து நிமிடம் வைத்து, கையால் இறுக்கிப் பிழியுங்கள். இந்தப் பிழிதலில் சோம்பல் பட்டால் சம்பல் தண்ணீராகி ரொட்டியை நனைத்துவிடும். வடிந்த தயிர், பிழிந்த கெக்கரிக்காய், இரண்டு பல்லு உள்ளி நன்றாக அரைத்தது, ஒரு தேக்கரண்டி வினாகிரி, இருந்தால் ஒரு கரண்டி ஒலிவ் எண்ணெய். கிரேக்கர் இதில் சதகுப்பைக் கீரை வெட்டிப் போடுவார்கள். மருந்துச் சரக்குக் கடையில் விற்கிற சதகுப்பை அந்தச் செடியின் விதைதான், ஒரு சாடியில் தூவிப் பாருங்கள், எனக்கு முளைத்தது. இல்லாவிட்டால் புதினா. குளிர வைத்துத்தான் பரிமாற வேண்டும், சூடான இறைச்சியும் குளிர்ந்த தயிரும் ஒரே வாயில் சந்திக்கிற அந்த ஒரு நொடிக்காகத்தான் இவ்வளவு பாடும்.

சுருட்டும் ஒழுங்கு: ரொட்டி, அதில் தயிர் தடித்துப் பூசி, இறைச்சி, தக்காளி, சின்னதாக நீட்டுக்கு அரிந்த வெங்காயம், மேலே பொரித்த கிழங்கு. உருளைக்கிழங்கு விலை ஏறிக் கிடந்தால் மரவள்ளியை அவித்து விரல் அளவு வெட்டிப் பொரித்து வையுங்கள். எனக்கு உருளையை விட அதுதான் பிடிக்கும், வெளியில் அவ்வளவு மொறுமொறுப்பு. ஒரு பாதித் தாளில் அடியை இறுக்கி மடித்துச் சுற்றுங்கள்.

வெள்ளிக்கிழமைக்கு

மச்சம் இல்லாத நாளில் பலாபெல். எகிப்தில் உலர்ந்த பாக்களா அவரையில் செய்து தாமியா என்பார்கள், லெபனான், சிரியாவில் கடலையில் செய்வார்கள். பருப்பு வடை சுடத் தெரிந்த கைக்கு இது புதிது இல்லை. கடலை 250 கிராமை இரவே ஊறப்போட்டுப் பன்னிரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு தண்ணீரை வடித்து, துணியில் ஒற்றி எடுங்கள். அவிக்கக்கூடாது. அவித்த கடலையில் பிடித்த உருண்டை எண்ணெயில் போட்டவுடன் கரைந்து போகும், அலெக்சாந்திரியாவில் பார்த்ததை நம்பாமல் நான் அவித்துச் செய்து ஒரு போத்தல் எண்ணெயைப் பாழாக்கினேன். ஊறிய கடலை, ஒரு வெங்காயம், நான்கு பல்லு உள்ளி, ஒரு கட்டுக் கொத்தமல்லித்தழை, சின்னச்சீரகம், மல்லி, மிளகு, உப்பு, எல்லாம் சேர்த்துக் கரகரப்பாக அரையுங்கள், பசையாக வேண்டாம். அரை மணித்தியாலம் பிரிட்ஜில் வைத்து, தேசிக்காய் அளவு உருட்டிக் கொஞ்சம் தட்டையாக்கிப் பொரியுங்கள். உடைத்தால் உள்ளே பச்சை நிறமாக இருக்கவேண்டும்.

இதற்குத் தஹீனி வேண்டும், எள்ளு விழுதுதான். கடையில் போத்தல் வாங்குவதை விட வீட்டில் மலிவாகச் செய்யலாம். எங்கள் பக்கத்துக் கறுப்பு எள் கைக்கும், அதனால் ஊறவைத்துக் கடகத்தில் தேய்த்துத் தோலைக் கழுவிக் காயவைத்து எடுங்கள், எள்ளுப்பாகுக்குச் செய்கிற அதே வேலை. நிறம் மாறாமல் இளவறுப்பாக வறுத்து, சூட்டோடு மிக்சியில் நிறுத்தி நிறுத்தி அரைத்தால் எள் தன் எண்ணெயை விட்டு இளகும், காய்ந்து நின்றால் நல்லெண்ணெய் ஒரு கரண்டி. சோஸுக்கு இதில் தேசிப்புளியும் உள்ளியும் போட்டவுடன் சிமெந்து மாதிரி இறுகும். பயப்பட வேண்டாம், குளிர்ந்த தண்ணீரைக் கரண்டி கரண்டியாக விட்டு அடித்தால் வெளுத்து இளகி வரும்.

ஊறுகாய்க்கு அவர்கள் டேர்னிப் கிழங்கைப் பீற்றூட்டோடு ஊறவைத்து ரோஸ் நிறமாக்குவார்கள். நான் நோக்கோலில் செய்கிறேன். விரல் அளவு வெட்டிய நோக்கோல், இரண்டு துண்டு பீற்றூட், அரை லீற்றர் தண்ணீருக்கு 15 கிராம் உப்பு, கால் கோப்பை வினாகிரி. நான்கு நாளில் தயார்.

முல்லைத்தீவுக்காரருக்கு ஒன்று

இஸ்தான்புல்லில் கலாட்டா பாலத்தடியில் மீனைச் சுட்டுப் பாணுக்குள் வைத்து வெங்காயமும் தேசிக்காயும் பிழிந்து தருவார்கள், பாலிக் எக்மெக் என்று பெயர். நான் வாழ்க்கையில் சாப்பிட்ட தெருச் சாப்பாட்டில் அதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன், யீரோஸுக்கும் மேலே. விடிய முல்லைத்தீவுக் கரையில் கும்பளா வாங்கி, முதுகு வழியாகப் பிளந்து நடு முள்ளை எடுத்து, உப்பும் எண்ணெயும் மட்டும் தடவித் தோல் பக்கமாக ஐந்து நிமிடம் தணலில், திருப்பி இரண்டு நிமிடம். ரோஸ் பாணை நீட்டுக்குப் பிளந்து வெட்டுப் பக்கத்தை அதே தணலில் காட்டி, மீனை வைத்து, உப்பில் பிசைந்த வெங்காயம், தக்காளி, நிறையத் தேசிப்புளி. விரலால் தடவிப் பார்த்துச் சின்ன முள்ளுகளை எடுத்துவிட்டே பிள்ளைகளுக்குக் கொடுங்கள். மீன் அன்றைய மீனாக இருக்கவேண்டும், ஐஸில் இரண்டு நாள் கிடந்ததற்கு இந்தச் சமையல் இல்லை, அதைக் குழம்பு வையுங்கள்.

குடிக்கத் துருக்கியில் அய்ரான், அதாவது தயிரும் தண்ணீரும் உப்பும் அடித்தது. எங்கள் மோர்தான். சோடாவை விட்டுவிட்டு மோரைக் கரையுங்கள், சுட்ட இறைச்சியின் கொழுப்புக்கு அதுதான் பொருத்தம்.

ரொட்டி மா மிஞ்சினால் எறிய வேண்டாம். தண்ணீர் விட்டு இட்டலி மா பதத்துக்குக் கரைத்து, இன்னும் அரை மணித்தியாலம் பொங்கவிட்டு, ஈரக் கையால் சின்னச் சின்னதாக எண்ணெயில் விட்டால் உருண்டு பொரியும். கிரேக்கர் இதை லுக்குமாதெஸ் என்பார்கள். சுடச்சுடத் தேனில் பிரட்டி மேலே கறுவாத்தூள் தூவிக் கொடுக்க வேண்டும். ஒட்டுசுட்டான் பக்கத்துக் காட்டுத் தேன் வீட்டில் இருந்தால் அதை எடுங்கள், ஆறவிடாமல் சாப்பிடுங்கள்.